பெப்பிட்டாவின் பேத்தி

ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலை ஒப்பிலக்கியத் தாளுக்காக முதுகலை மாணவிகளுக்கு நடத்தத் தொடங்கியபோது, முதல் பக்கத்தைத் தாண்டவே இரண்டு வகுப்புகள் ஆயின. சர் வால்டர் எலியட் என்ற பாரனெட் மனம் சோர்ந்தபோதெல்லாம் எடுத்துப் படிப்பது ஒரே ஒரு புத்தகத்தைத்தான். பாரனெட் குடும்பங்களின் வம்சப் பட்டியல் அது. எடுத்தவுடன் அவருடைய குடும்பத்தின் பக்கம் தானாக விரிந்துகொள்ளும். அதில் அவர் பிள்ளைகள் வரிசையாக இருக்கிறார்கள்: எலிசபெத் 1785, ஆன் 1787, மேரி 1791. ஆனுக்கும் மேரிக்கும் நடுவில், 1789 நவம்பர் 5 என்று நாள் குறித்து இன்னொரு வரி. இறந்தே பிறந்த ஒரு மகன்.

“அந்தப் பிள்ளைக்குப் பேருகூட வைக்கலையே மேடம், அது எப்படி புத்தகத்துல வந்துச்சு?” என்று ஒரு மாணவி கேட்டாள். ஆஸ்டின் அந்த வரியை எழுதியதே யாராவது இப்படிக் கேட்க வேண்டும் என்றுதான். மூச்சே விடாத அந்த ஆண்குழந்தை உயிரோடு இருந்திருந்தால் பட்டமும் பண்ணையும் அவனுடையவை. அவன் இல்லாததால் மூன்று பெண்கள் உயிரோடு இருந்தும் எல்லாம் தூரத்து உறவுக்காரன் ஒருவனுக்குப் போகும். அவன் பெயரை சர் வால்டர் தன் கையாலேயே அந்தப் பக்கத்தின் அடியில் எழுதி வைத்திருக்கிறார். கடைசி மகள் மேரியின் கல்யாணத் தேதியையும் அவரே சேர்த்து எழுதியிருக்கிறார். நடு மகள் ஆனுக்கு எழுதிச் சேர்க்க எதுவும் நடக்கவில்லை. நாவல் அந்த ஆனைப் பற்றியது.

இப்படிப்பட்ட பட்டியல்களில் பேர்பெற்றது ஜான் பர்க் 1826இல் தொடங்கிய ‘பர்க்ஸ் பியரேஜ்’. அதன் பழைய பதிப்புகளைப் புரட்டுகிறவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது சுருக்கக் குறிகளை. டி.எஸ்.பி. என்று வந்தால் லத்தீனில் ‘சந்ததியின்றி இறந்தார்’. நம் ஊரில் டி.எஸ்.பி. என்றால் காவல்துறை அதிகாரி என்பதால் வகுப்பில் சிரிப்பு அடங்க நேரமானது. மகன்கள் எண்ணிட்டு முதலில் வருவார்கள், மகள்கள் மூத்தவர்களாக இருந்தாலும் அவர்களுக்குப் பிறகுதான். திருமணமானதும் அவள் பெயர் கணவனின் குடும்பப் பக்கத்துக்கு நகர்ந்து, அங்கே ‘இன்னாரின் மகள்’ என்று ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதை மரம் என்கிறார்கள், தமிழில் கொடிவழி. எனக்குக் கொடி என்ற சொல்தான் பிடிக்கும். கொடி எங்கே தாவிப் பற்றும் என்று நட்டவருக்கே தெரியாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூத்த மகனுக்கே எல்லாம் என்பது பொது விதி. அரச சாசனத்தால் வழங்கப்பட்ட பட்டங்களில் பெரும்பாலானவை ‘உடல்வழி ஆண்வாரிசுக்கு’ என்ற வாசகத்தோடு வருகின்றன. மகள் வழியாகப் பிறந்த பேரனுக்கும் அவற்றில் இடமில்லை. இடைக்காலத்தில் நாடாளுமன்ற அழைப்பாணையால் உண்டான சில பாரன் பட்டங்கள் மட்டும் மகளுக்கும் போகலாம். அதிலும் ஒரு கண்ணி உண்டு: மகன்களில் மூத்தவன் தனியாக எடுத்துக்கொள்வான், மகள்கள் இருவர் இருந்தால் அவர்களுக்குள் மூத்தவள் இளையவள் என்று இல்லை, பட்டம் யாருக்கும் இல்லாமல் தொங்கும். பட்டத்தைப் பெற்ற பெண்ணும் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது. தந்தையின் பட்டத்தைச் சட்டப்படியே பெற்ற ரோண்டா சீமாட்டி 1922இல் இடம் கேட்டபோது சபை மறுத்தது. 1963 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. அரியணைக்கு மட்டும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மூத்த மகளை இளைய மகனுக்கு முன்னால் வைத்தது. பிரபுப் பட்டங்களை அந்தச் சட்டம் தொடவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் பிறந்து, இதனால் வெளியே தள்ளப்பட்டு, இதைப் பற்றியே எழுதியவர் விடா சாக்வில்-வெஸ்ட். கென்ட் மாவட்டத்தில் செவனோக்ஸ் அருகே உள்ள நோல் மாளிகையில் 1892இல் பிறந்த ஒரே பிள்ளை. வருடத்தின் நாள்களுக்கு ஈடாக 365 அறைகள், வாரங்களுக்கு ஈடாக 52 படிக்கட்டுகள், கிழமைகளுக்கு ஈடாக 7 முற்றங்கள் என்று அந்த வீட்டைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. முதலாம் எலிசபெத் காலத்திலிருந்து சாக்வில் குடும்பத்தின் வீடு. 1922இல் விடா அந்த வீட்டின் வரலாற்றைப் புத்தகமாகவே எழுதினார். 1928 ஜனவரியில் தந்தை இறந்தார். நோல் சித்தப்பாவுக்குப் போனது. விடா அதற்குள் கவிஞர், நாவலாசிரியர், இரண்டு மகன்களின் தாய். எதுவும் கணக்கில் வரவில்லை.

அவருடைய குடும்பப் பெயரிலேயே ஒரு கேலி ஒளிந்திருக்கிறது. நோலை வைத்திருந்த நான்காவது டோர்செட் டியூக் 1815இல் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து, கல்யாணமாகாமலே இறந்துபோனார். வீடு அவருடைய சகோதரிகளுக்கு வந்தது. அவர்களில் எலிசபெத் மணந்தது வெஸ்ட் குடும்பத்து ஏர்லை. அவள் வழியாகத்தான் சாக்வில் என்ற பெயரும் நோலும் வெஸ்ட் குடும்பத்துக்குள் நுழைந்தன. சாக்வில்-வெஸ்ட் என்ற பெயரின் நடுவே கிடக்கும் சிறுகோடு ஒரு பெண்ணுடைய கல்யாணத்தின் தழும்பு. அவள் மகனுக்கு 1876இல் புதிய பாரன் பட்டம் தரப்பட்டபோது அது ஆண்வழிக்கு மட்டும் என்று எழுதப்பட்டது. பெண் வழியாக வந்ததை அடுத்த பெண்ணுக்கு மூடிவைத்தார்கள்.

இதுவரை உள்ளது பெண்ணிய வாசகர்கள் பலருக்கும் தெரிந்த கதை. இதன் தொடர்ச்சியாக வர்ஜீனியா வுல்ஃபின் ‘ஆர்லாண்டோ’வைச் சொல்வார்கள். விடா மீது காதல்கொண்டிருந்த வுல்ஃப், நோல் கைவிட்டுப் போன அதே 1928இன் அக்டோபரில், நூற்றாண்டுகள் வாழ்ந்து ஆணிலிருந்து பெண்ணாக மாறும் ஒரு பிரபுவின் கதையை வெளியிட்டார். விடாவின் புகைப்படங்களே அதில் ஆர்லாண்டோவின் படங்களாக அச்சாயின. சட்டம் பறித்த வீட்டை எழுத்து திருப்பிக் கொடுத்தது என்று நானும் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. காரணம் பெப்பிட்டா.

விடாவின் தாய்வழிப் பாட்டி அவர். இயற்பெயர் ஹோசெஃபா துரான். 1830இல் ஸ்பெயினின் மலகாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, ஐரோப்பிய மேடைகளில் பேர்வாங்கிய நடனக்காரி. 1851இல் ஒலிவா என்ற நடன ஆசிரியரைத் திருச்சபையில் மணந்தார். விரைவில் பிரிந்தார். பிறகு லயனல் சாக்வில்-வெஸ்ட் என்ற ஆங்கிலேயத் தூதரக அதிகாரியோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். பிள்ளைகள் பிறந்தன. கத்தோலிக்க ஸ்பெயினில் மணமுறிவு கிடையாது. 1871இல் பிரான்ஸின் அர்க்காஷோனில் பிரசவத்தில் இறந்தார். பிள்ளைகளில் ஒருத்தி விக்டோரியா. தந்தை வாஷிங்டனில் தூதராக இருந்தபோது, பத்தொன்பது வயதில், அவருடைய வீட்டின் விருந்துகளை நடத்தும் தலைவியாக இருந்தாள். தந்தை பின்னர் அண்ணனுக்குப் பிறகு இரண்டாவது பாரன் சாக்வில் ஆனார். விக்டோரியா தன் சித்தப்பா மகனை, அதாவது அடுத்த வாரிசை, மணந்தாள். விடா பிறந்தாள்.

1908இல் அந்தக் கிழவர் இறந்தார். பெப்பிட்டாவின் மகன் ஹென்றி, விக்டோரியாவின் உடன்பிறந்த தம்பி, லண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டான். என் தாயும் தந்தையும் மணமானவர்களே, நானே முறையான மகன், நோல் எனக்கு வர வேண்டும் என்றான். 1910 பிப்ரவரியில் வழக்கு நடந்தது. எதிர்த்தரப்பு அக்காவும் அவள் கணவனும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கணவன் நோலில் நீடிக்க வேண்டுமானால் நீதிமன்றத்தில் எதை நிறுவ வேண்டியிருந்தது? பெப்பிட்டா சாகும்வரை ஒலிவாவின் மனைவி, ஆகவே லயனலின் மனைவி அல்ல என்பதை. அதாவது தன் தாய் யாருடைய மனைவியாகவும் இல்லாமல் பிள்ளை பெற்றவள், தானும் தம்பியும் முறையின்றிப் பிறந்தவர்கள் என்பதை விக்டோரியாவின் தரப்பே மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தார்கள். ஸ்பெயினுக்கு ஆள் அனுப்பி, பெப்பிட்டாவின் பிறந்த ஊர், ஆடிய மேடை, குடியிருந்த தெரு என்று அலைந்து, அவளை அறிந்த முதியவர்களின் வாக்குமூலங்களை எழுதி வாங்கினார்கள். ஹென்றி தோற்றான். தம்பதி நோல் திரும்பியபோது வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஊர்க்காரர்களே இழுத்துச் சென்றார்கள். வண்டியில் பதினேழு வயது விடாவும் இருந்தாள்.

தன் தாயின் மானத்தைக் கொடுத்து விக்டோரியா காப்பாற்றிய வீடு பதினெட்டே ஆண்டுகளில் தன் மகளுக்கு இல்லாமல் போனது.

இப்போது ‘ஆர்லாண்டோ’வைத் திறந்து பாருங்கள். துருக்கியிலிருந்து பெண்ணாகத் திரும்பும் ஆர்லாண்டோ மீது வழக்குகள் காத்திருக்கின்றன. நீ இறந்துவிட்டாய், நீ பெண், நீ ஆணாக இருந்தபோது ரொசினா பெப்பிட்டா என்ற நடனக்காரியை மணந்து மூன்று மகன்கள் பெற்றாய், சொத்து அவர்களுடையது என்று. விடாவின் பாட்டி பெயரை வுல்ஃப் மாற்றக்கூட இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீர்ப்பு வருகிறது. அந்தப் பிள்ளைகள் முறையற்றவர்கள், அவர்களுக்கு எதுவும் இல்லை. ஆர்லாண்டோ அதை நிம்மதியோடு வாசிக்கிறாள். ஆர்லாண்டோ பெண்தான், சொத்து அவளுக்கே. அவளுக்குப் பிறகு அவள் உடல்வழி ஆண்வாரிசுகளுக்கு. நாவல் முடிவதற்குள் அவளுக்கு ஒரு மகன் பிறந்தும் விடுகிறான்.

பட்டியல்களையும் பட்டங்களையும் வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தவர் வுல்ஃப். இந்தத் தீர்ப்பும் கேலிதான் என்று வாதிடலாம். சட்டமொழியின் அபத்தத்தை அவர் ரசித்து எழுதியிருக்கிறார் என்பது உண்மை. ஆனால் கேலியின் செலவு யார் தலையில் விழுகிறது என்று நான் பார்க்கிறேன். 1910இல் நோல் கைக்கு வர பெப்பிட்டாவின் பிள்ளைகளை வெளியே நிறுத்த வேண்டியிருந்தது. 1928இன் கற்பனையிலும் ஆர்லாண்டோவின் கைக்கு வர அதே பிள்ளைகளை அதே சொல்லால்தான் வெளியே நிறுத்த வேண்டியிருந்தது. காதலிக்கு வீட்டைப் பரிசளித்த கதை, காதலியின் பாட்டியைப் படியிலேயே விட்டுவிட்டது. நிஜ ஹென்றி 1914இல் பாரிஸில் தற்கொலை செய்துகொண்டிருந்தான்.

விடா இதைக் கவனித்தாரா? 1937இல் அவர் எழுதிய ‘பெப்பிட்டா’வை நான் அதற்கான பதிலாக வாசிக்கிறேன். பாட்டியையும் தாயையும் பற்றிய வாழ்க்கை வரலாறு. தாய் இறந்த மறு ஆண்டு வந்தது. அந்தப் புத்தகத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட மூலம் எது தெரியுமா? 1910 வழக்குக்காக ஸ்பெயினில் வாங்கிய அதே வாக்குமூலங்கள். பெப்பிட்டா மனைவி இல்லை என்று நிரூபிப்பதற்காக வழக்கறிஞர்கள் சேர்த்த காகிதங்களில் அவளுடைய கூந்தல், பெட்டிகள், நகைகள், அம்மாவோடு போட்ட சண்டைகள் எல்லாம் போகிறபோக்கில் பதிவாகியிருந்தன. வழக்குக்கு அவை தேவையில்லை, பேத்திக்குத் தேவைப்பட்டன. எந்தப் பிரபுவின் பக்கத்திலும் இடம் கிடைக்காத ஒருத்திக்கு அவர் முந்நூறு பக்கம்போல எழுதினார். தந்தைவழியை ‘நோல்’ நூலில் எழுதி முடித்த பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, தாய்வழியை நீதிமன்றக் குப்பையிலிருந்து எடுத்தார்.

அதற்காக விடாவைத் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. ஸ்பெயின் ரத்தம் என்று அவர் பேசும் இடங்களில் ஆங்கிலப் பிரபுவின் மகள் ஒருத்தி ஏழை நாட்டைக் கண்காட்சியாகப் பார்க்கும் பார்வை உண்டு. கடைசிவரை அவர் அழுதது நோலுக்காக, நோல்களை உண்டாக்கும் முறைக்கு எதிராக அல்ல. 1930இல் சிதைந்து கிடந்த சிஸிங்ஹர்ஸ்டை வாங்கித் தோட்டம் போட்டபோதும், அந்த இடத்துப் பேக்கர் குடும்பப் பெண் ஒருத்தி பழைய சாக்வில் ஒருவரை மணந்தவள் என்ற கொடி அவர் கையில் இருந்தது. வாங்கிய வீட்டிலும் வம்சம் வேண்டியிருந்தது.

விடாவுக்கு முன்னோடியாக ஒருத்தி நோலிலேயே வாழ்ந்திருக்கிறாள். அவளுடைய நாட்குறிப்பை 1923இல் பதிப்பித்ததும் விடாதான். ஆன் கிளிஃபர்ட், பிறப்பு 1590. தம்பி இல்லை, அண்ணன்மார் இருவரும் குழந்தைகளாகவே இறந்துவிட்டார்கள். 1605இல் அவளுடைய பதினைந்தாம் வயதில் தந்தை கம்பர்லண்ட் ஏர்ல் இறந்தார். வடநாட்டுக் கோட்டைகளையும் நிலங்களையும் தன் தம்பிக்கு எழுதிவிட்டு, மகளுக்குப் 15,000 பவுண்டு ரொக்கம் வைத்தார். ஆனால் இரண்டாம் எட்வர்டு காலத்திலேயே அந்த நிலங்கள் ஆண், பெண் என்ற பேதமில்லாமல் உடல்வழி வாரிசுக்கு என்று பிணைக்கப்பட்டிருந்தன. அந்தப் பழைய பத்திரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தது ஆனின் தாய் மார்கரெட்.

ஆன் முதலில் மணந்தது டோர்செட் ஏர்ல் ரிச்சர்டு சாக்வில்லை. நோலின் எஜமானன். அவனுக்கு நிலம் வேண்டாம், பணம் வேண்டும். கையெழுத்துப் போடு என்று கணவன் சொன்னான். பேராயர் சொன்னார். 1617 ஜனவரியில் அரசர் ஜேம்ஸே நேரில் அழைத்துச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு, இரண்டு வயதுகூட நிறையாத மகளை அவளிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்தான் கணவன். நாட்குறிப்பில் அதையெல்லாம், யார் வந்தார், என்ன உடை உடுத்தியிருந்தேன் என்பவற்றோடு ஒரே குரலில் எழுதிவைத்திருக்கிறாள். அவள் கையெழுத்துப் போடவில்லை. அரசர் அவளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நான் போட்டேன். அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, தம்பி பேருக்கு விடுதலைப் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெருவிரலில் மை ஒட்டியிருக்க, “அக்கா மனசார குடுக்குது” என்று யாரோ சொன்னார்கள். தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவன் கேட்கக்கூட இல்லை, கேட்க வேண்டிய தேவையே இல்லாதபடி எல்லாம் தயாராக இருந்தது. என் கைக்குப் பேனாவை யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. ஆனின் நாட்குறிப்பை வாசிக்கும்போது நான் தேடுவது அவளுடைய வீரத்தை அல்ல. மறுத்த மறுநாள் காலையில் அவள் என்ன செய்தாள், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், வேலைக்காரர்கள் அவளை எப்படிப் பார்த்தார்கள் என்பதைத்தான். அவை அதில் இருக்கின்றன.

1643இல் சித்தப்பா மகன் ஆண்வாரிசின்றி இறந்தான். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நிலம் தானாக வந்தது. உள்நாட்டுப் போர் அடங்கி 1649இல் வடக்கே போனபோது அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஸ்கிப்டன், ஆப்பிள்பி, ப்ரூம், ப்ரோ, பென்ட்ராகன் என்று இடிந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டினாள். வெஸ்ட்மோர்லண்டின் பரம்பரை ஷெரிஃப் பதவியும் அவளுடையது. தாய் சேர்த்த பத்திரங்களை வைத்துப் பெரும் தொகுதிகளாகக் குடும்ப ஆவண நூலைத் தயாரித்தாள். அந்த நிலங்களைக் கிளிஃபர்டுகளுக்குக் கொண்டுவந்தவள் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இசபெல்லா டி வெட்டரிபான்ட் என்ற வாரிசுப் பெண் என்பதை அதில் அழுத்தி வைத்தாள். ஆண்கள் எழுதும் கொடிவழியின் அதே வடிவம், அதே கேடயச் சின்னங்கள். பெண் இருந்த இடங்களை மட்டும் அவள் தவறவிடவில்லை.

குத்தகைக்காரர்கள் அவளை எப்படி நினைத்திருப்பார்கள் என்பது வேறு கதை. செலுத்த வேண்டியவற்றுக்காகத் தன் குடியானவர்களை அவள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு இழுத்தாள். தன் உரிமைக்காக அரசரையே மறுத்தவளுக்கு, தன்னை மறுக்கும் குடியானவன் சகிக்க முடியாதவனாக இருந்தான். பிறப்பால் வந்த உரிமை என்ற ஒற்றைச் சொல்லை நம்பியே அவள் இரண்டையும் செய்தாள். இந்தச் சொல்லைக் கொண்டு மகள் உள்ளே வரலாம். பெப்பிட்டாவின் பிள்ளை வர முடியாது, உழுபவன் வரவே முடியாது. மாணவிகள் ஆனைக் கொண்டாடிக் கட்டுரை எழுதி வரும்போது ஓரத்தில் இதைத்தான் எழுதித் திருப்பித் தருகிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

ப்ரூம் கோட்டைக்கு அருகே சாலையோரத்தில் ஆன் 1656இல் எழுப்பிய ஒரு தூண் இன்னும் நிற்கிறது. மேலே வண்ணம் தீட்டிய கேடயங்கள், சூரியக் கடிகாரம். 1616 ஏப்ரல் 2 அன்று தாயும் மகளும் கடைசியாகப் பிரிந்த இடம் அது. கணவனின் நெருக்கடிக்கு நடுவில் வடக்கே வந்து தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழி. அடுத்த மாதமே மார்கரெட் இறந்தாள். ஆண்டுதோறும் அதே நாளில் அந்தத் திருச்சபை வட்டத்து ஏழைகளுக்கு நான்கு பவுண்டு பகிர்ந்தளிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்து, பக்கத்தில் ஒரு கல்மேசையும் போட்டாள். பிறப்பு, திருமணம், இறப்பு என்ற மூன்றைத் தவிர வேறெதற்கும் வம்சப் பட்டியலில் குறி கிடையாது. அம்மாவிடம் விடைபெற்றதற்கு அவள் கல் நட்டாள். தூணில் பொறித்த வாசகத்தில் தாயின் பெயருக்கு முன்னால், கம்பர்லண்ட் ஏர்ல் ஜார்ஜின் ஒரே வாரிசு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவும் அவள் மறக்கவில்லை.